மலையில் முட்டைக்கோழி: தீவனத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது

நீலகிரியில் முட்டைக்கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் ஆலோசனை பெரும்பாலும் மலைக்குக் கீழே இருந்துதான் வரும். மேட்டுப்பாளையத்துத் தீவனக் கடைக்காரர், நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருக்கும் உறவினர், பல்லடத்திலிருந்து காணொளியில் பேசும் யாரோ ஒருவர். எல்லாரும் தொழில் தெரிந்தவர்கள்தான். ஆனால் அவர்களுடைய கவலை வெயில். கோடையில் கோழி வாயைத் திறந்து இரைக்கும், தீவனம் எடுக்காது, முட்டை ஓடு மெலியும். அதற்கென்று வைட்டமின் சி, சோடா உப்பு, எலக்ட்ரோலைட் தூள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை அப்படியே கோத்தகிரிக்குத் தூக்கிவந்தால் பாதிப் பணம் வீண்.

இங்கே கோழியைப் படுத்துவது வேறு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாத மழை. குன்னூர், கோத்தகிரிச் சரிவில் அக்டோபர், நவம்பரில் மழையும் மூடுபனியும். உதகையில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. ஈரம் தீவனத்தைக் கெடுக்கிறது. குறுகிய பகலும் மேகமும் முட்டையைக் குறைக்கின்றன. குளிர் கோழியை அதிகம் தின்ன வைக்கிறது. இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் தீவனத்தில் எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

என் கணக்கில் செலவின் வரிசை இது: முதலில் நன்கு காய்ந்த, பூஞ்சை இல்லாத தீவனம். அடுத்து கிளிஞ்சல். அதற்கடுத்து வைட்டமின்-தாது உப்புக் கலவையும் பூஞ்சை நச்சை உறிஞ்சும் மருந்தும். புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள்), பூண்டு, செண்டுமல்லி, ஆளிவிதை எல்லாம் அதற்குப் பிறகு. கடையில் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வார்கள். பாட்டிலில் வருவதற்குத்தான் லாபம் அதிகம்.

பத்துக் கோழி முதல் இருநூறு கோழி வரை வைத்திருப்பவர்களை எண்ணி இதை எழுதுகிறேன். அதற்கு மேல் போனால் கால்நடை மருத்துவரின் துணையோடு தீவனக் கணக்குப் போடுவதே நல்லது.

முதலில் மூட்டையைப் படியுங்கள்

லேயர் மேஷ் என்று விற்கும் ஆயத்தத் தீவனம் வாங்குகிறீர்கள் என்றால், தேவையான சேர்க்கைகள் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். மெத்தியோனின் என்ற அமினோ அமிலம், வைட்டமின்கள், தாதுக்கள் கட்டாயம் இருக்கும். நல்ல நிறுவனத் தீவனத்தில் ஃபைட்டேஸ் நொதியும் நச்சு உறிஞ்சியும்கூட இருக்கலாம். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் பிய்த்து எறிவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: புரதம் 16 முதல் 18 சதவீதம், கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம், தயாரித்த தேதி. தேதி இல்லாத மூட்டையை வாங்காதீர்கள். தீவனம் கெடாவிட்டாலும் அதிலுள்ள வைட்டமின்கள் நாள்பட நாள்படச் சக்தி இழக்கும். ஈரத்தில் இன்னும் வேகமாக.

சீட்டில் எல்லாம் சரியாக இருந்தால் இன்னொரு வைட்டமின் டப்பாவை அதன் தலையில் கொட்ட வேண்டியதில்லை. ஏ, டி போன்ற கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் மிஞ்சினால் வெளியேறாமல் உடம்பில் தங்கிவிடும்.

“அக்கா, நல்ல தீவனம்தான் போடுகிறேன், ஆனாலும் தோல்முட்டை, அதாவது ஓடில்லாத முட்டை, வருகிறது” என்று யாராவது சொன்னால், வீட்டில் மிஞ்சும் சோறு எங்கே போகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். கணக்கைப் பாருங்கள். ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் லேயர் மேஷ் தின்றால், 3.8 சதவீதக் கால்சியத்தில் அதற்கு 4 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். ஒரு முட்டை ஓட்டில் போகும் கால்சியம் 2 கிராமுக்குச் சற்று மேல். தின்றதில் ஏறத்தாழ பாதிதான் உடம்பில் சேரும் என்பதால் கணக்கு இழுத்துப் பிடித்துச் சரியாகிறது. அதே கோழிக்குக் காலையில் 40 கிராம் சோறோ கோஸ் இலையோ போட்டு வயிற்றை நிரப்பினால், அது தின்னும் மேஷ் 75 கிராமுக்கு இறங்கிவிடும். கால்சியம் 3 கிராமைத் தொடாது. மீதியை எலும்பிலிருந்து எடுத்து ஓடு செய்யும். சில வாரங்களில் எலும்பும் கைவிட்டுவிடும். மிச்சம் மீதி, கீரை, தானியம் எல்லாம் சேர்த்து மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதையும் மாலையில் போடுங்கள்.

வயதும் முக்கியம். ஏறத்தாழ 18 வாரம் ஆகாத, முட்டையிடத் தொடங்காத பெட்டைகளுக்கு லேயர் மேஷ் போடாதீர்கள். அவ்வளவு கால்சியத்தை அவற்றின் சிறுநீரகம் தாங்காது. சிறியதும் பெரியதும் ஒரே கொட்டகையில் இருந்தால் எல்லாவற்றுக்கும் வளர் தீவனம் போட்டுவிட்டு, கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே போய்த் தின்னும்.

ஈரம்: மலையில் பாதிச் சிக்கல் இதுதான்

சமவெளியிலிருந்து லாரியில் மலையேறும் மக்காச்சோளம் தார்ப்பாய்க்கு அடியில் பனியில் நின்று, பிறகு சிமெண்ட் தரையில் அடுக்கப்பட்டு, சுவரோரம் ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் உங்கள் கைக்கு வருகிறது. வாங்கும்போதே சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மக்காச்சோளமும் ஒரு கரண்டி தூள் உப்பும் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கிச் சில நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் தானியத்தில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அதை வாங்கக் கூடாது. இருப்பு வைக்க வேண்டிய தானியத்தில் ஈரம் 12, 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: நம் ஊரில் மழைக்காலத்தில் உப்பே நசநசத்துத்தான் கிடக்கும். வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பால் மட்டுமே இந்தச் சோதனை செல்லும்.

வாங்கியதைத் தரையில் வைக்காதீர்கள். மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வேண்டாம். எலிக்குப் பயந்து எல்லாரும் பிளாஸ்டிக் பீப்பாயில் கொட்டி மூடுகிறார்கள். அது நல்லதுதான், ஆனால் பகலில் தகரக் கூரைக்கு அடியில் சூடாகி இரவில் 5 டிகிரிக்கு இறங்கும் இடத்தில் பீப்பாய்க்குள் வேர்க்கும். விடியற்காலையில் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். கையில் நீர் பட்டால், அந்த நீர் சொட்டும் மேல் அடுக்கில்தான் முதல் பச்சைப் பூஞ்சை கட்டியாகப் பிடிக்கும். மூட்டையோடு பீப்பாயில் இறக்கி, மேலே ஒரு காய்ந்த சாக்கை மடித்து வைத்து மூடினால் அந்த நீரைச் சாக்கு வாங்கிக்கொள்ளும். சாக்கை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பூஞ்சை நச்சைப் பற்றிப் பலரிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: வெயிலில் காயவைத்தால் போய்விடும் என்று. பூஞ்சை சாகும், அது ஏற்கெனவே விட்டுச்சென்ற அஃப்ளடாக்சின் என்ற நச்சு அப்படியே இருக்கும். கழுவினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது, கண்ணுக்கும் தெரியாது. ஈரல் கெட்டு, முட்டை எண்ணிக்கை குறைந்து, முட்டை சிறுத்து, நோய் எதிர்ப்பும் விழுந்து, போட்ட தடுப்பூசிகூடச் சரியாகப் பிடிக்காது. மலைக்கே உரிய இன்னொன்றும் உண்டு. குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் ஃபுசேரியம் வகைப் பூஞ்சைகள் விரும்பி வளரும். அவற்றில் சில விடும் டி-2 (T-2) என்ற நச்சு வாயைப் புண்ணாக்கும். கோழியின் அலகு ஓரத்தில், நாக்கின் பக்கத்தில் மஞ்சள் பக்குப் போல ஒட்டியிருந்தால் தீவனத்தைச் சந்தேகியுங்கள். கோழி அம்மையிலும் வாயில் புண் வரும் என்பதால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

இப்போது சேர்க்கைகள். இரண்டு வகை உண்டு; கடையில் இரண்டையும் குழப்புவார்கள். ஒன்று பூஞ்சைத் தடுப்பி: புரோபியானிக் அமிலம், கால்சியம் புரோபியோனேட் போன்றவை. இவை பூஞ்சை வளராமல் தடுக்கும். ஏற்கெனவே உள்ள நச்சை ஒன்றும் செய்யா. மற்றது நச்சு உறிஞ்சி: பெண்டோனைட் போன்ற களிமண் வகைகள், ஈஸ்ட் செல்சுவர். இவை குடலில் நச்சைப் பிடித்து எச்சத்தோடு வெளியே கொண்டுபோகும். பூஞ்சை வளர்வதைத் தடுக்கா. களிமண் வகை அஃப்ளடாக்சினை நன்றாகப் பிடிக்கும், டி-2 வகையிடம் அவ்வளவாகச் செல்லாது. ஆகவே மலையில் களிமண்ணும் ஈஸ்ட் செல்சுவரும் கலந்த தயாரிப்பைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான அளவு 100 கிலோ தீவனத்துக்கு 100 முதல் 200 கிராம். மழை மாதங்களில் தவறாமல் போடுங்கள், காய்ந்த மாதங்களில் நல்ல தீவனம் கிடைத்தால் விட்டுவிடலாம். கட்டிபிடித்த தீவனத்தை உறிஞ்சி போட்டுத் தேற்றலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். அது எருக்குழிக்குத்தான் போக வேண்டும். மாட்டுக்கும் போடக் கூடாது, நச்சு பாலில் இறங்கும்.

கீழாநெல்லியை அரைத்துப் போடுவது நாட்டு வழக்கம். ஈரலுக்கு நல்லது என்பதால் வாரம் ஓரிரு நாள் கொடுப்பதில் தவறில்லை. உறிஞ்சிக்கு அது மாற்று ஆகாது.

ஓடு: கிளிஞ்சலை எப்போது, எப்படி

முட்டை ஓடு பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஓடு உருவாக ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. கோழி தூங்கும்போது ஓடு கட்டுவதற்குக் குடலில் கால்சியம் இருக்க வேண்டும். மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் சீக்கிரம் கரைந்து மாலைக்குள் போய்விடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் உடைத்த கிளிஞ்சல் இரைப்பையில் தங்கி மெதுவாகக் கரையும். எனவே கால்சியத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கிளிஞ்சலாகவும் ஒரு பங்கைத் தூளாகவும் கொடுங்கள். கிளிஞ்சலைப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வைப்பது சிறந்தது. ஓடு மெலிந்த கோழிகளிடம் இந்த ஒரு மாற்றத்தின் பலன் சில நாட்களிலேயே கையில் தெரியும்.

நீலகிரி மண் அமில மண். மழை காலங்காலமாகச் சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போனதால்தான் உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் டாலமைட் போடுகிறோம். மேய விட்ட கோழிக்கு மண்ணிலிருந்தும் ஊற்றுநீரிலிருந்தும் கால்சியம் கிடைத்துவிடும் என்று நம்ப இங்கே இடமில்லை. கொட்டகையில் டாலமைட் மூட்டை இருக்கிறதே என்று அதையே அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு; போடாதீர்கள். அதில் மக்னீசியம் அதிகம். எச்சம் தண்ணீராகும், ஓடு இன்னும் மோசமாகும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் வெற்றிலைச் சுண்ணாம்பும் வாயை, குடலைப் புண்ணாக்கும். அவையும் வேண்டாம்.

கேழ்வரகில் கால்சியம் நிறைய, அதைப் போட்டால் போதும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம். மனிதருக்கு அது பெரிய அளவு. நாளுக்கு 4 கிராம் தேடும் கோழியோ ஒரு கிலோவுக்கு மேல் கேழ்வரகு தின்ன வேண்டியிருக்கும். தானியமாகப் போடுங்கள், சுண்ணாம்புக்கு அதை நம்பாதீர்கள்.

வீட்டு முட்டை ஓட்டைக் கழுவி, வாணலியில் வறுத்து, உருத்தெரியாமல் நொறுக்கிப் போடலாம். பாதி ஓடாகவே போட்டால் கோழி தன் முட்டையைக் கொத்தப் பழகிவிடும்.

கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் திரியும் கோழி அதைத் தானே செய்துகொள்ளும். வாரக்கணக்கில் மேகம் மூடி, கோழி கொட்டகைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் மாதங்களில் தீவனத்தில் உள்ள டி3 தான் கதி. கிலோவுக்கு 2000 முதல் 3000 யூனிட் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி2 (D2) என்று எழுதியிருந்தால் வேண்டாம், பறவைகளுக்கு அது சரியாகச் செல்லாது. லேயர் மேஷ் வாங்குகிறவர்களும் கிளிஞ்சல் வைத்தும் ஓடு தேறாத மூடுபனிக் காலத்தில், தண்ணீரில் கலக்கும் டி3-கால்சியம் மருந்தை நான்கைந்து நாள் கொடுத்து நிறுத்தலாம். ஆண்டு முழுவதும் கொடுக்கத் தேவையில்லை.

குளிரால் நமக்கு ஒரு லாபமும் உண்டு. வெயில் ஊரில் கோழி தீவனத்தைக் குறைப்பதால் கால்சியச் சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இங்கே கோழி 120 கிராமும் அதற்கு மேலும் தின்னும், 3.5 சதவீதமே போதும். ஆனால் அதிகம் தின்பதில் மக்காச்சோளம் மிகுந்தால் கொழுப்பு ஈரலில் படியும். அடைத்து வளர்க்கும் கோழிகளுக்குக் கோலின் குளோரைடு சேர்ப்பது அதற்காகத்தான்.

வெளிச்சம் சேர்க்கை அல்ல, என்றாலும் சொல்லாமல் விட முடியாது. முழு அளவில் முட்டையிட 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் நம் பகல் பதினொன்றரை மணி நேரம்தான். விடியலுக்கு முன் ஒரு எல்இடி விளக்கை எரியவிடுங்கள். வாரத்துக்கு அரை மணி வீதம் ஏற்றுங்கள். ஜனவரியில் முட்டை நின்றதற்கு மருந்து தேடி அலைகிற பலருக்கு வேண்டியது இந்த விளக்கு மட்டுமே.

ஓட்டின் தரத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 120 கிராம் உப்பைக் கரையுங்கள். அன்றைக்கு இட்ட முட்டைகளை அதில் விடுங்கள். மூழ்கினால் ஓடு நன்று; மிதந்தால் ஓடு மெல்லியது. பழைய முட்டைக்குள் காற்றறை பெருத்திருக்கும் என்பதால் அது எப்படியும் மிதக்கும். ஆகவே அன்றைய முட்டைதான் வேண்டும். பத்து முட்டையில் எத்தனை மிதக்கின்றன என்று மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள்.

நீங்களே கலப்பதானால்

ஐம்பது கோழிக்குக் கீழே வைத்திருப்பவர்கள் ஆயத்தத் தீவனமே வாங்கிக்கொள்ளலாம். மிச்சப்படுவது குறைவு, தொல்லை அதிகம். அதற்கு மேல் என்றால் 100 கிலோவுக்கு இந்த அளவில் தொடங்குங்கள்: உடைத்த மஞ்சள் மக்காச்சோளம் 57 கிலோ, சோயாப் புண்ணாக்கு 24 கிலோ, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 8 கிலோ, கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து 9 கிலோ, டைகால்சியம் பாஸ்பேட் 1.2 கிலோ, உப்பு 300 கிராம். மிஞ்சும் அரைக் கிலோவுக்குள் மெத்தியோனின் 100 கிராம், கோலின் குளோரைடு 100 கிராம், நச்சு உறிஞ்சி, அட்டையில் சொன்ன அளவு வைட்டமின்-தாது உப்புக் கலவை. இதில் புரதம் ஏறத்தாழ 17 சதவீதம், கால்சியம் 3.8 சதவீதம் வரும்.

மெத்தியோனின் எதற்கு என்று கேட்பார்கள். மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்தாலும் குறைபடும் முதல் அமினோ அமிலம் அதுதான். அது போதாவிட்டால் முட்டை சிறுக்கும், இறகு கொட்டும், கோழிகள் ஒன்றையொன்று கொத்தும்.

ஃபைட்டேஸ் நொதி கிடைத்தால் வாங்குங்கள். உண்மையாகவே பணம் மிச்சப்படுத்தும் சேர்க்கை அது. தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது. கோழியால் அதை எடுக்க முடியாது, நொதி அதைத் திறந்துவிடும். கிராமுக்கு 5000 யூனிட் உள்ள தூள் என்றால் 100 கிலோவுக்கு 10 கிராம் போதும். பாஸ்பரஸுக்காகப் போடும் டைகால்சியம் பாஸ்பேட்டை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கலாம்.

கருவாட்டுத் தூள் சேர்க்க விரும்புகிறவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கருவாட்டில் உப்பும் மணலும் நிறைய. அளவு மிஞ்சினால் முட்டையிலும் வாடை வரும்.

10 கிராம் பொருளை 100 கிலோவில் எப்படிக் கலப்பது? நேரே தூவினால் ஒரு கோழிக்கு எல்லாமும் மற்றதற்கு ஒன்றுமில்லாமலும் போகும். சிறு அளவுப் பொருள்களை முதலில் ஒரு கிலோ தவிட்டில் பிசிறுங்கள். அதை ஐந்து கிலோ தவிடு-சோளக் கலவையில் சேர்த்துப் புரட்டுங்கள். பிறகு மொத்தக் குவியலில் போட்டு மண்வெட்டியால் இடம் மாற்றி மாற்றி நான்கு முறை கிளறுங்கள். கோலின் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் களியாகிவிடும். வைட்டமின் கலவையோடு ஒரே டப்பாவில் வைத்தால் வைட்டமினையும் கெடுக்கும். தனித்தனியாக, இறுக மூடி வையுங்கள். தீவனத்தில் கோலினைக் கடைசியாகச் சேருங்கள்.

மஞ்சள் கருவின் நிறம்

தங்கும் விடுதிக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆரோக்கியத்துக்கும் நிறத்துக்கும் நேரடித் தொடர்பு அதிகமில்லை. கோழி தின்ற லூட்டின், ஸியாசாந்தின் போன்ற நிறமிகள் கருவில் படிகின்றன, அவ்வளவே. மஞ்சள் மக்காச்சோளத்தில் இவை உண்டு. அதைக் குறைத்து அரிசிக் குருணை, கம்பு என்று போட்டால் கரு வெளிறும்.

கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் கழிவு மலிவாகக் கிடைப்பதால் அதை மூட்டை மூட்டையாக வாங்கிப் போடுகிறார்கள். கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினைக் கோழி பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கருவில் குறைவாகவே இறங்கும். நிறம் தருவது தூக்கி எறிகிற கேரட் தழை. அதில் லூட்டின் இருக்கிறது. மருந்து அடித்த தோட்டத்துத் தழையோ கோஸ் இலையோ வேண்டாம். கடைசியாக எப்போது அடித்தார்கள் என்று தோட்டக்காரரைக் கேட்காமல் ஒரு கட்டும் எடுக்காதீர்கள்.

செண்டுமல்லி இதழ் நல்ல வழி. இதழை நிழலில் காயவைத்துப் பொடித்து 100 கிலோ தீவனத்துக்கு 200 கிராமில் தொடங்குங்கள். வெறும் செண்டுமல்லி எலுமிச்சை மஞ்சளாக நிறுத்திவிடும். ஆரஞ்சுச் சாயல் வேண்டுமானால் காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள் கொஞ்சம் சேர்க்கலாம். கோழிக்குக் காரம் உறைக்காது. மிளகாயும் பூஞ்சை எளிதில் பிடிக்கும் சரக்கு என்பதால் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். சமையல் மஞ்சள் தூள் கருவைப் பெரிதாக மஞ்சளாக்காது. மாற்றம் தெரியப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். கருவே அடுக்கடுக்காக அத்தனை நாள் வளர்வதுதான். மூன்றாம் நாளே நிறம் வரவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள்.

தண்ணீரில் மிதந்து வளரும் பசுந்தீவனமான அசோலாவைப் பற்றியும் கேட்பார்கள். கூடலூர் உயரத்தில் நன்றாக வளரும். உதகைக் குளிரில் தொட்டி பெரும்பகுதி நாள் சும்மா கிடக்கும்.

குடல், பூண்டு, ஒமேகா

புரோபயாடிக்கில் பேசில்லஸ் வகை வித்துகளாக இருப்பதால் இருப்பில் கெடாது, லாக்டோபேசில்லஸ் மென்மையானது. நோய்க்கு மருந்து கொடுத்து முடித்த பின்னும், தீவனம் மாற்றும்போதும், இடம் மாற்றிக் கொண்டுவந்த கோழிகளுக்கும் ஐந்து முதல் ஏழு நாள் கொடுப்பது பலன் தரும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கலந்தால் அது செத்துவிடும். முந்திய இரவே பிடித்துத் திறந்து வைத்த தண்ணீரை எடுங்கள். மோரும் உதவும், அளவோடு. பாற்சர்க்கரை கோழிக்குச் சரியாகச் செரிக்காது, மிஞ்சினால் கழியும்.

வினிகர் லிட்டருக்கு 5 மில்லி, வாரம் இரண்டு நாள் போதும். தகரத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துவிடும்.

மலைப்பூண்டைப் பற்றிப் பெருமை பேசலாம். தின்னக் கொடுத்தால் கோழியும் மறுக்காது. முட்டையின் கொழுப்பைக் குறைக்கும் என்ற பேச்சுக்கு ஆய்வுகள் ஒன்றுபோலப் பதில் சொல்லவில்லை. அந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன்; பொறுக்கி எறியும் பல் இருந்தால் நசுக்கிப் போடுவேன்.

ஆளிவிதை மட்டும் விதிவிலக்கு. தீவனத்தில் 5 சதவீதம் சேர்த்தால் மூன்று நான்கு வாரத்தில் முட்டையில் ஒமேகா-3 கூடுவது உறுதி. 10 சதவீதத்தைத் தாண்டினால் மீன் வாடை அடிக்கும். கூடவே வைட்டமின் ஈ சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கொழுப்பு சீக்கிரம் கெடும். வாங்குபவர் கூடுதல் விலை தருவார் என்று உறுதியானால் மட்டும் இதில் இறங்குங்கள். செலினியத்தைத் தனியாக வாங்கிக் கலக்கவே கூடாது. தேவைக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் அதில் மிகக் குறைவு. தாதுக் கலவையில் இருப்பதே போதும்.

போடக் கூடாதவை

கறிக்கோழித் தீவனத்திலும் குஞ்சுத் தீவனத்திலும் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து கலந்திருக்கலாம். அவற்றில் நிகார்பசின் முட்டைக்கோழியின் பழுப்பு ஓட்டை வெளுக்கச் செய்யும், மஞ்சள் கருவைத் திட்டுத் திட்டாக்கும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழி உள்ளிட்ட உணவுக் கால்நடைகளுக்கும் தீவனத்துக்கும் 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்துவிட்டது. பழைய பாட்டில் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மற்ற எந்த ஆன்டிபயாடிக்கும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். அவர் சொல்லிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பர்லியாறு, குன்னூர் பக்கம் தோட்டத்தில் வெண்ணெய்ப்பழ மரம் இருக்கும். அதன் இலை, தோல், கொட்டை பறவைகளுக்கு நஞ்சு. பழத்தையும் போட வேண்டாம். பச்சை பிடித்த, முளைவிட்ட உருளைக்கிழங்கும் அப்படியே. நல்ல கிழங்கானாலும் வேகவைத்துத்தான் போட வேண்டும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் கருவில் பச்சைச் சாயல் ஏறிவிடும். பழுப்பு முட்டையிடும் சில கோழிகளுக்குக் கடுகுப் புண்ணாக்கு போட்டால் முட்டை மீன் வாடை அடிக்கும்.

மாற்றிப் பார்க்கும் முறை

ஒரு நேரத்தில் ஒரே சேர்க்கை. கிளிஞ்சலையும் வைட்டமினையும் புரோபயாடிக்கையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் மூன்றையும் ஆயுள் முழுக்க வாங்கிக்கொண்டிருப்பீர்கள். ஓட்டுக்குப் பத்து நாள், நிறத்துக்கு இரண்டு வாரம், முட்டை எண்ணிக்கைக்கும் எடைக்கும் மூன்று வாரமாவது விட்டுப் பாருங்கள். மிதந்த முட்டை, உடைந்த முட்டை, தின்ற தீவனம் ஆகிய மூன்றும் நோட்டில் இருந்தால் போதும்.

சில அறிகுறிகளுக்குத் தீவனத்தில் மருந்து தேடக் கூடாது. ஓடு திடீரென்று சுருக்கம் விழுந்து, வெள்ளைக் கரு தண்ணீராக ஓடி, கூடவே தும்மலும் இருந்தால் அது மூச்சுக்குழல் தொற்றாக இருக்கலாம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, கோழிகள் சாகத் தொடங்கினால் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்றே கொள்ளுங்கள். உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணிலும் அழைக்கலாம். தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் எந்தச் சேர்க்கையும் ஈடாகாது.

தீவனத்தின் மேல்தான் சந்தேகம் என்றால் சோதித்துவிடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. அஃப்ளடாக்சின் முதல் புரதம் வரை பார்த்துச் சொல்வார்கள். குன்னூரில் உபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் வழி கேட்கலாம். மாதிரியை மூட்டையின் மேலிருந்து ஒரு கை அள்ளாதீர்கள், பூஞ்சை திட்டாகத்தான் பிடிக்கும். ஐந்தாறு மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவை உலர்ந்த காகிதப் பையில் கட்டி, வாங்கிய தேதியும் மூட்டையின் தொகுதி எண்ணும் எழுதி அனுப்புங்கள். அதே கலவையில் இன்னோர் அரைக் கிலோவைச் சீட்டோடு உங்களிடமே காய்ந்த இடத்தில் வைத்திருங்கள்; முடிவு மோசமாக வந்தால் தீவனம் விற்றவரிடம் பேச அது தேவைப்படும்.